சின்ன மிஸ் செய்த தப்பு

"தப்புத் தப்பா பாடம் நடத்துறாங்க மேடம். அதுவும் வாரா வாரம்."

பிரின்சிபால் அறைக்குள் நுழைந்ததும் பெரிய சார் போட்ட முதல் குண்டு இது.

இயற்பியல் துறையில் அவர்தான் மூத்தவர், அதனால் பெரிய சார். எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் போன வருடம் சேர்ந்தவள், அதனால் சின்ன மிஸ். எல்லாம் பிள்ளைகள் வைத்த பெயர்கள்தான்.

சின்ன மிஸ்ஸின் வேலை தற்காலிகம். அடுத்த வருடமும் இருக்கலாமா, மூட்டையைக் கட்ட வேண்டியதுதானா என்பது இன்றைக்கு முடிவாகும். பிரின்சிபாலம்மா கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் மனுஷன் கொளுத்திப் போட்டார்.

"அப்படி என்ன சார் தப்பு?"

"எல்லாரும் பாடத்தை வீடியோவா எடுத்து காலேஜ் தளத்துல போடணும்னு சொன்னீங்கல்ல? இவங்க போட்டிருக்கிறதை நீங்களே பாருங்க."

லேப்டாப்பை இழுத்துத் திருப்பி அவரே தட்டினார்.

திரையில் சின்ன மிஸ் சிரித்த முகமாகச் சொன்னாள்: "நிலாவுல நின்னு ஒரு கல்லையும் ஒரு இறகையும் ஒண்ணா கீழ போட்டா, கல்லுதான் முதல்ல விழும்."

"கேட்டீங்களா மேடம்? அங்க காத்தே கிடையாது. ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

பிரின்சிபாலம்மா கணக்கு படித்தவர். அவருக்கே இது உறைத்தது. பேனாவை மூடிவிட்டார்.

"என்னம்மா இது?"

"தெரிஞ்சேதான் சொன்னேன் மேடம்."

"தெரிஞ்சேவா?"

"வீடியோவை ஓட விட்டுட்டுப் பசங்க தூங்கிடுறாங்க மேடம். நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், மிரட்டிப் பாத்துட்டேன். அதான் ஒவ்வொரு வீடியோவுலயும் ஒரு தப்பை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சேன். கண்டுபிடிச்சா மட்டும் போதாது, ஏன் தப்புன்னு நிரூபிக்கணும். நிரூபிச்சவங்கதான் மறுநாள் வகுப்புல பாடம் நடத்தணும். நான் பெஞ்சுல உக்காந்து கேள்வி கேப்பேன்."

"இவங்க பெஞ்சுல உக்காருவாங்களாம்," என்றார் பெரிய சார். "அதான் அந்த வகுப்பு சந்தைக்கடை மாதிரி கிடக்கு. பக்கத்து வகுப்புல நான் பேசுறது எனக்கே கேக்க மாட்டேங்குது. பாடம் நடத்தச் சம்பளம் வாங்குறது யாரு, இவங்களா பசங்களா?"

பிரின்சிபாலம்மா அதற்குள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வீடியோவுக்குக் கீழே பிள்ளைகள் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

மிஸ் மாட்டிக்கிட்டாங்க என்று ஒருத்தன். இல்லை, மிஸ் சொன்னதுதான் சரி என்று ஒருத்தி. அவளை மடக்க ஒரு கூட்டம். அவளும் விடவில்லை, விடாமல் மல்லுக்கட்டி, கடைசியில் ஒத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொருத்தன் வீட்டு மாடியிலிருந்து கல்லையும் பஞ்சையும் போட்டுப் படமே எடுத்திருந்தான். கல் நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பஞ்சு ஆடி அசைந்து போய், தோட்டத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவின் காபியில் இறங்கியது. அவர் போட்ட சத்தமும் படத்தில் பதிவாகியிருந்தது. கீழே பையன் எழுதியிருந்தான்: 'காத்து இருக்கிறதாலதான் பஞ்சு வழி மாறிடுச்சு. இதே நிலாவுல செஞ்சிருந்தா எனக்கு அடி விழுந்திருக்காது.'

பிரின்சிபாலம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் சின்ன மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரிய சாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"இது சிரிக்கிற விஷயம் இல்லை மேடம். நானும்தான் வருஷம் பூரா வீடியோ போட்டிருக்கேன். ராத்திரி பகல் பாக்காம உழைச்சிருக்கேன். அதுல ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு, எந்தப் பிள்ளையாவது சொல்லியிருக்கா? கீழ ஒரு வார்த்தை இருக்காது, அவ்வளவு சுத்தம். பாடம்னா அப்படி இருக்கணும். போட்டுக் காட்டுங்க, இவங்களும் பாத்துக் கத்துக்கட்டும்."

"அதுவும் நல்லதுதான்," என்று பிரின்சிபாலம்மா அவருடைய முதல் வீடியோவைத் தட்டினார்.

திரையில் பெரிய சார் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பின்னால் பளிச்சென்று துடைத்த கரும்பலகை. கையை வீசினார், புருவத்தை உயர்த்தினார், பலகையில் எழுதிவிட்டுத் தட்டிக் காட்டினார். வாய் அசைந்தது. சத்தம்தான் வரவில்லை.

பிரின்சிபாலம்மா ஒலியை முழுக்க ஏற்றினார். ஊஹூம். அடுத்த வீடியோவைப் போட்டார். அதுவும் ஊமைப் படம்தான்.

பெரிய சாருக்கு வியர்த்துவிட்டது. எட்டி வந்து தானே ஒவ்வொன்றாகத் தட்டினார். நேற்றுப் போட்ட வீடியோ வரைக்கும் மனுஷன் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்.

"சார், திரை ஓரத்துல அந்த மைக் படத்து மேல குறுக்க ஒரு கோடு தெரியுது பாருங்க," என்று சின்ன மிஸ் மெதுவாகச் சொன்னாள். "பதிவு பண்றதுக்கு முன்னாடி அதை ஒரு தட்டு தட்டணும் சார்."

பிரின்சிபாலம்மா பேனாவைத் திறந்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்தைப் போட்டார். சின்ன மிஸ்ஸுக்குக் கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது. ஆனால் பெரிய சாரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்புறம் தோள் குலுங்க அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வாரா வாரம் வகுப்புல நிறுத்திக் கேப்பேன் மேடம், வீடியோ எப்படிப்பா இருந்துச்சுன்னு. முன் பெஞ்சுல இருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரே குரல்ல சொல்லுவாங்க, 'தெளிவாக் கேட்டுச்சு சார்'னு."