ஆறு மணிக்குள் ஈரல்

"ஈரல் வெந்துச்சா இல்லையா, கனிபா? மணி அஞ்சே கால்!"

சமையலறை வாசலில் நின்று தவித்தார் தோலெகேன். உள்ளே சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆட்டு ஈரலுக்கு உங்க அவசரம் தெரியுமா? வேகற நேரத்துக்குத்தான் வேகும். போய் சம்பந்திங்களோட பேசிட்டு இருங்க."

"என்னத்தைப் பேசறது? ஆறு மணிக்கு டிவியில விளம்பரம் போட்டுடுவான். என் மூஞ்சி வந்துடும். அதுக்குள்ள ஈரலும் வால்கொழுப்பும் அவங்க வாய்க்குள்ள போயாகணும்."

போய்விட்டால் கவலை இல்லை. கசாக் வழக்கப்படி, பெண் வீட்டில் அந்தத் தட்டிலிருந்து எடுத்து இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்கப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் முறிக்கக் கூடாது. கஸ்கெலென் ஊரில் இதுவரை யாரும் முறித்ததும் இல்லை.

பதினான்கு வருடங்களுக்கு முன் 'கறுப்புக் கடிவாளம்' தொடரில் சொர்மான் என்ற குதிரைத் திருடனாக நடித்தவர் தோலெகேன். மூன்று பாகம், ஒன்பது கொலை. சந்தையில் பெண்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் குதிரைக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார். பாவம், நிஜத்தில் தோலெகேனுக்குக் குதிரை ஏறவே பயம்! தொடர் நின்றுபோன பிறகு வேறு வேஷம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இப்போது அதே தொடர் புதிய பாகமாக மறுபடி வருகிறது, அதே சொர்மானோடு.

பெண் கேட்டு வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா உல்பிகே ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"அந்தச் சொர்மான் வேஷத்தை மட்டும் நீங்க இனிமே போடக் கூடாது. அந்தப் பேரே எங்க வீட்டுக்கு ஆகாது."

மகள் அய்ஷோல்பனின் முகத்தைப் பார்த்தார் தோலெகேன். "அதை எப்பவோ விட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டார். புதிய பாகத்தில் நடிக்க அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அன்றைக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கூடத்துக்கு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா அமான்தாய், தேனீ வளர்த்துப் பிழைப்பவர், வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. குதிரைக் கறி வைத்த தட்டைக்கூட ஓரமாக நகர்த்தியிருந்தார்.

"என்ன சம்பந்தி, டாக்டர் வேண்டாம்னுட்டாரா?"

"நானாத்தான் விட்டேன். இருபது வருஷமாச்சு."

குதிரைக் கறியை விட்ட ஒரு கசாக்கை தோலெகேன் அன்றுதான் பார்த்தார்.

"அந்த சீரியல் திரும்ப வரப்போகுதாமே? பஸ்ல பேசிக்கிட்டாங்க" என்றாள் உல்பிகே.

தோலெகேனுக்குத் தேநீர் புரையேறியது. "பஸ்ல ஆயிரம் பேசுவாங்கம்மா."

"புதுசுல என்னென்ன வருமாம்? பழைய ஆளுங்க ஊரு, பேரு எல்லாம் தோண்டுவாங்களோ?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, சரி. ஈரல் தட்டு எப்ப வரும்?"

நல்ல காலம், அவளுக்கே பசி போலிருக்கிறது என்று தோலெகேன் நினைத்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குத் தட்டு வந்தது. தோலெகேன் ஓடிப்போய் ஈரலையும் கொழுப்பையும் சேர்த்து எடுத்து சம்பந்தியின் வாயருகே நீட்டினார். அமான்தாய் தயங்கினார்.

"உல்பிகே, முதல்ல இவங்ககிட்ட…"

"முதல்ல சாப்பிடுங்க!" என்று அதட்டினாள் அவள்.

அவர் சாப்பிட்டார். பதிலுக்குத் தோலெகேனுக்கும் ஊட்டினார். பெண்களும் ஊட்டிக்கொண்டார்கள். அய்ஷோல்பன் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் தோலெகேனுக்கு மனசு கேட்கவில்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கையைப் பொய்யிலா தொடங்குவது?

"மன்னிச்சுடுங்க சம்பந்தி" என்றார். "அந்த வேஷத்தை நான் விடலை. இன்னும் அஞ்சு நிமிஷத்துல டிவியில வருவேன். பதினாலு வருஷமா யாரும் எனக்கு வேற வேலை குடுக்கலை. கோபத்தை என்மேல காட்டுங்க, பொண்ணுமேல வேண்டாம்."

உல்பிகே கோபப்படவில்லை. தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த விளம்பரத்தைப் பத்தி பஸ்ல கேட்டதுல இருந்து நாங்களும் ஆறு மணிக்குள்ள தட்டு வந்துடணுமேன்னுதான் தவிச்சுக்கிட்டு இருந்தோம்."

"நீங்களா? எதுக்கு?"

அமான்தாய்தான் தலை நிமிர்ந்தார்.

"அந்த சீரியல் தொடக்கத்துல வாராவாரம் 'உண்மைச் சம்பவம்'னு போடுவாங்களே சம்பந்தி, அந்த உண்மை நான்தான். கொலையெல்லாம் அவங்களா சேர்த்தது. நான் ஏழு குதிரை திருடினேன். ஆறு வருஷம் உள்ள இருந்தேன். விளம்பரத்துல என் பேரு வந்துடுமோன்னுதான் பயம்."

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டில் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரையும் கேட்டு விசாரித்த தோலெகேன், எதிரே உட்கார்ந்திருந்தவரை மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தார். வாயில் இன்னும் வால்கொழுப்பின் ருசி இருந்தது.

கடிகாரம் ஆறு அடித்தது. டிவியை யாரும் போடவில்லை. அமான்தாய் மெல்ல நகர்ந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல… புதுசுலயாவது என்னைத் திருந்த விட்டிருக்காங்களா?"