சின்னச் செருப்பா பார்த்து

"இந்த ஆளுக்கு நாணமில்லையா சேச்சி? இது என் மோளோட செருப்பு!"

பக்கத்து வீட்டு சோனியா, பாண்டித்துரை சட்டையைப் பிடிச்ச பிடியை விடலை. அவன் கையில ஒரு சிவப்பு ரப்பர் செருப்பு. ஒத்தைக் காலு. உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

அங்கம்மாளுக்கு உசுரே போயிருச்சு. எர்ணாகுளத்துல நாய் ஆஸ்பத்திரி தரையைத் துடைச்சிட்டு, பஸ்ல நசுங்கி இப்பத்தான் வந்து இறங்குறா. சந்து முனையில புருஷன் இந்தக் கோலத்துல.

மட்டாஞ்சேரியில அந்தச் சந்துல திருட்டே இல்லைன்னு சொல்ல முடியாது. போன மழைக்கு ஷாஜி வீட்டு மீன்சட்டி காணாமப் போயி, தெருவே ரெண்டுபட்டுப் போச்சு. கடைசியில பார்த்தா அவன் பொண்டாட்டிதான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறப்ப சட்டியையும் தூக்கிட்டுப் போயிருக்கா. குழம்போட! அது கெடக்கட்டும். பிள்ளைங்க செருப்பு ஒண்ணொண்ணா, அதுவும் ஒத்தையாக் காணாமப் போறது இந்த வாரந்தான்.

"உங்க நாய்தான் தூக்குதுன்னோம். எங்க அம்மு வாசப்படியே தாண்டாதுன்னீங்க. சரிதான் சேச்சி, நாயில்ல. ஆளு!"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க.

அம்மு வாசப்படி தாண்டாதது நெசம். களமசேரியில ஒரு வீட்டுக்குப் பின்னாடி, கூண்டுமேல கூண்டா அடுக்கி, குட்டி போடவைக்கன்னே அடைச்சு வச்சிருந்த நாய் அது. குட்டி பால் மறக்கிறதுக்குள்ள எடுத்து வித்துருவானுங்க. மறுபடி சினை. ஆஸ்பத்திரிக்கு மீட்டுக்கிட்டு வந்தப்ப அதுக்குத் தரையில நடக்கவே தெரியலை. தன்யா டாக்டர்தான், "தேறுற வரைக்கும் வீட்ல வச்சுக்கறீங்களா சேச்சி? சாப்பிடலைன்னா மட்டும் இங்க கூண்டுக்கே கொண்டுவந்துருங்க"ன்னு குடுத்தா.

பாண்டித்துரை அன்னைக்கே குதிச்சான். "மூட்டை தூக்கிட்டு வந்தா காலை நீட்ட எடமில்ல. இதுல நாய் வேறயா?"

அதைத் தொட்டதுமில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை.

குனிஞ்சு பார்த்தாலே அம்மு நடுங்கும். அதனால அங்கம்மாள் தட்டைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டு ஒதுங்கிருவா. மொதல்ல தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. இப்பக் கொஞ்ச நாளாக் காலியா வருது. தன் மீன்சாறுதான் காரணம்னு அவளுக்குப் பெருமை வேற.

"கதவைத் தொறங்க. மிச்சச் செருப்பெல்லாம் எங்க வச்சிருக்காருன்னு பார்க்கணும்."

அங்கம்மாள் தொறந்தா. சோனியா மூலை மூலையாத் தேடிட்டு, போன் வெளிச்சத்தைக் கட்டிலுக்கடியில அடிச்சா.

அடிச்சவ அப்படியே நின்னுட்டா.

அம்மு சுருண்டு கெடந்துச்சு. வத்திப்போன மடியோட அணைச்சு வச்சு, நீலம், மஞ்சள்னு சின்னச் சின்னச் செருப்பு. ஒண்ணை விடாம நக்கிக்கிட்டே இருந்துச்சு. வெளிச்சம் பட்டதும் எல்லாத்தையும் உள்ள இழுத்து மறைச்சுது.

"ஈஸ்வரா... குட்டின்னு நெனச்சிருக்கா?" சோனியா குரல் எறங்கிருச்சு.

பாண்டித்துரை தலை நிமிரலை.

"நீ வேலைக்குப் போனப்புறம் வீடு பூராத் தேடும், அங்கம்மா. மூலை மூலையா மோந்துட்டுக் கத்தும். ஒருநா கேக்க முடியாம, வாசல்ல கெடந்த செருப்பு ஒண்ணை எடுத்து வச்சேன். அன்னைக்குத்தான் சோறு தின்னுச்சு. மறுநா மத்த குட்டிங்களையும் தேட ஆரம்பிச்சிருச்சு."

"கடையில வாங்கி வைக்கக் கூடாதா? இப்படியா சந்தி சிரிக்கணும்?" அங்கம்மாள் கேட்டா.

"வாங்கி வச்சேன். மோந்துட்டுத் தள்ளிருச்சு. கொழந்தை போட்டு நடந்த வாசம் வேணும் அதுக்கு."

பொண்டாட்டி முகத்தைப் பார்க்காம, சொவத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நம்ம வீட்ல கொழந்தைக் காலு ஏது, அங்கம்மா?"