பஸ் நிலையத்துப் புள்ளி

ஜன்னலுக்கு வெளியே பீங்கான் சூளையின் புகை காலை வெயிலில் மெல்லக் கலைகிறது. மாசி மகக் கச்சேரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் இரவு எங்கே தங்கினார்கள் என்று செல்போன் டவர் பதிவுகளை வைத்து ஆராய்வது கொளஞ்சிநாதனின் வேலை. யாருடைய எண்ணையும் தனியாகத் தேடக் கூடாது. அவன் அண்ணனின் எண்ணைத் தேடிவிட்டான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பிள்ளைகளோடு கச்சேரிக்கு வந்த அண்ணன், “ராத்திரி உன் வூட்டுல தங்கிக்கிறோம்டா” என்று நேற்று கேட்டபோது, புது வீடு அழுக்காகுமே என்று, “நான் ஊர்லயே இல்லண்ணே” என்று சொல்லியிருந்தான். அவனும் கச்சேரிக்குப் போயிருந்தான்; முடியும்வரை இருவர் செல்போன்களும் ஒரே டவரில் இருந்திருக்கின்றன. அதன்பின் திரையின் வரைபடத்தில் அண்ணனின் புள்ளி விடியும்வரை பஸ் நிலையத்தை விட்டு நகரவே இல்லை. பீங்கான் கோப்பையில் டீ ஆறி ஆடை கட்டுகிறது. மேசையில் செல்போன் அதிர்கிறது. அண்ணன்தான்.

“பஸ்ஸு ஏறிட்டோம்டா. உன் தெருமுனை டீக்கடையில பிரசாதம் குடுத்திருக்கேன், வந்ததும் வாங்கிக்க.”

“சரிண்ணே.”

“நேத்து கச்சேரியில உன்ன மாதிரியே ஒருத்தன் நின்னான்டா. பனி கொட்டுது, தலையில துண்டு கூட இல்ல. கட்டிக்கடான்னு சொல்ல வாயெடுத்தேன்.” அண்ணன் இருமுகிறார். “நீதான் ஊர்ல இல்லியேன்னு பேசாம வந்துட்டேன்.”