சாமிக்கு ஒரு பேர்

"பேரைச் சொல்லும் சாமி."

"பாண்டி."

"அப்பா பேரு?"

"சுடலை... சுடலைமுத்து?"

"சுடலைக்கண்ணுவே! பெத்த தகப்பன் பேரையே மாத்திப்புட்டீரு. சரி, வீட்டுல?"

"அனுசியா."

"பாத்தீரா, அதுல மட்டும் தடுமாற மாட்டேங்கீரு!"

குற்றாலத்து டீக்கடையில் நாலைந்து தலைகள் திரும்பின. எல்லாம் தாடி வைத்த தலைகள். கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த ஊரில் ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது லேசில்லை. எல்லார் இடுப்பிலும் கறுப்பு வேட்டி, எல்லார் கழுத்திலும் மாலை, எல்லாருக்கும் ஒரே பேர்தான், சாமி. கட்டின பெண்டாட்டியே அருவிக்கரையில் வந்து நின்றாலும் நாலு பேரை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தன் புருஷனைத் தொடுவாள்.

பாண்டிக்கு அன்று காலையில்தான் உலகமே தொடங்கியிருந்தது. கண் விழித்தபோது அருவிச் சத்தம், பின்தலையில் தீயாய் வலி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பக்கத்தில் இந்தச் சாமி. பாறையில் வழுக்கி விழுந்தாராம். இருவரும் ஒரே தெருவாம், ஒன்றாக மாலை போட்டு ஒரே பைக்கில் வந்தவர்களாம். இவ்வளவும் சாமி சொல்லித்தான் தெரியும். தலையில் துண்டைக் கட்டி, இட்லி வாங்கிக் கொடுத்து, கூடப் பிறந்தவன்கூடச் செய்யாததை எல்லாம் செய்துவிட்டார் மனுஷர்.

"உம்ம பேரு என்ன சாமி?" என்று பாண்டி கேட்டதற்குத்தான் கோபித்துக்கொண்டார். "மாலை போட்டவனுக்குப் பேரு எதுக்குவே? முதல்ல உம்ம பேரைப் படியும்."

டீக்கடைக் குருவம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "தலையில ரத்தம் கசியுதே சாமி, ஆசுபத்திரியில காட்டலையா?"

"காட்டுனா படுக்கப் போட்ருவான் ஆச்சி. பொறவு மலைக்கு எப்படிப் போக?" என்று சாமியே பதில் சொன்னார். "புளியறை செக்போஸ்ட்டுல ஆளை நிறுத்திக் கேக்கான். பேரு சொல்லத் தெரியாம முழிச்சா உள்ள தூக்கி வச்சிருவான். அதான் பாடம் நடக்கு."

பாண்டி சட்டைப்பையிலிருந்த ஆதார் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தார். மழுமழுவென்று சிரைத்த முகம், மேலே முறுக்கு மீசை. தாடியைத் தடவிக்கொண்டார். அந்த முகத்தில் எங்கேயாவது தான் இருக்கிறோமா என்று தேடிப் பார்த்தார். பேர் புதுச்செருப்பு மாதிரி கடித்தது.

"சாமி, அனுசியாகிட்ட ஒருவாட்டி போன் பேசுவமா? குரலைக் கேட்டா எல்லாம் வந்துரும்."

"உம்ம போனு அருவியோட போச்சு. என் போனுல மைனி நம்பரு எப்படிவே இருக்கும்? என்னைய என்னன்னு நினைச்சீரு?"

குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டி முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாதவன் வீட்டுக்குப் போய் எந்தக் கதவைத் தட்டுவான்? வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்து வைத்தால் தெரு என்ன பேசும்?

பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, செங்கோட்டை தாண்டும்வரை விடாமல் முணுமுணுத்தார். பாண்டி, சுடலைக்கண்ணு, அனுசியா. பாண்டி, சுடலைக்கண்ணு, அனுசியா. அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டால் அவர் என்று சொல்ல ஒருவருமில்லை.

புளியறையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு போலீஸ்காரர் எல்லாரிடமும் லைசென்ஸ்களை வாங்கி அடுக்கிக்கொண்டே போனார். சாமியும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஏட்டு ஒருவர் பாண்டியின் முன்னால் வந்து நின்றார்.

"பேரு என்ன?"

"பாண்டி சார். அப்பா பேரு சுடலைக்கண்ணு. வீட்டுல அனுசியா." கேட்காததையும் சேர்த்தே ஒப்பித்தார். எங்கேயும் நாக்குக் குழறவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஏட்டு அட்டையைப் பார்த்தார். கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தார். சட்டென்று பாண்டியின் கையைப் பிடித்து முறுக்கினார்.

"ஏலே, அனுசியாவ வெட்டிப்போட்டுட்டு அவ பேரையே சொல்லிக்கிட்டு மலைக்கா போற?"

பாண்டி தன் கைகளையே வெறித்துப் பார்த்தார். வெட்டியிருப்பேனோ? இல்லை என்று சொல்வதற்கும் ஒரு ஞாபகம் வேண்டுமே!

"சாமி! நானா அப்படிச் செஞ்சேன்? ஒரே தெருதான நீரு, சொல்லும் சாமி!"

சாமி ஒதுங்கி நின்றுகொண்டார். "எனக்கு என்ன சார் தெரியும்? குற்றாலத்துல லிப்ட் கேட்டாரு. மாலை போட்டிருக்காரேன்னு ஏத்துனேன்."

காக்கியைக் கண்டால் சிலபேருக்கு ஒரே தெருவெல்லாம் இப்படித்தான் வெறும் ரோடு ஆகிவிடும்.

ஜீப்பில் ஏற்றினார்கள். முகம் தெரியாத அனுசியாவுக்காக, கம்பியில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார் பாண்டி.

வெளியே அந்தப் போலீஸ்காரர், சரிபார்த்த லைசென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாடிக்கூட்டத்தில் முகத்தைப் பார்த்துக் கொடுக்க யாரால் முடியும்?

"இலத்தூரு, இசக்கியப்பன்! யாருய்யா இசக்கியப்பன்?"

சாமி வேகமாக முன்னால் வந்து கையை நீட்டினார். அவர் வாய் திறப்பதற்குள், ஒரு நொடிகூட யோசிக்காமல், ஜீப்புக்குள்ளிருந்து அழுகைக் குரல் ஒன்று பதில் சொன்னது.

"இந்தா இருக்கேன் சார்."