குறுக்கே படுத்த மாப்பிள்ளை

ஊரே மிளகு பறிக்க மரமேறிக் கொண்டிருக்க, பிரேம் மட்டும் தன் வீட்டு வாசற்படிக்குக் குறுக்கே குப்புறக் கிடந்தான்.

சும்மா இல்லை. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி தூக்கிப் பிடித்தபடி. அசைவே இல்லை. நெற்றி வேர்வை மட்டும் சொட்டியது.

மலையின் மறுபக்கத்து அரியூர் நாட்டிலிருந்து தங்கையைப் பார்க்க வந்த முரளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாப்ள கூத்து இது?"

"எக்சர்சைஸுங்க மச்சான். வயித்துக்கு வலு" என்றான் பிரேம், தலையைத் தூக்காமலே.

"கொடியில மிளகு பழுத்து உதிருது. ஏணியில ஏறி இறங்கினா வலு வராதுங்களா?"

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு அத்தாயிக்கு வாய் சும்மா இருக்குமா? "புள்ள பெத்தவ கோகிலா. வயித்தைக் குறைக்கிறது இவருங்க! தினமும் எங்களுக்கு ஓசி சர்க்கஸ்."

பக்கத்திலிருந்த பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

முரளிக்கு மானம் போயிற்று. இப்படி ஒரு சோம்பேறிக்கா தங்கையைக் கொடுத்தோம்? இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

"கோகிலா! துணிமணியை எடுத்து வை. நம்ம ஊட்டுக்குக் கிளம்பு."

"செத்த நேரம் பொறுங்கண்ணா, வாரேன்." உள்ளிருந்து வந்த குரலில் மூச்சு வாங்கியது.

"கேட்டீங்களா? பச்சை உடம்புக்காரி உள்ள மூச்சிரைக்க வேலை செய்யறா. நீங்க படுத்துக்கிட்டு வழியை அடைக்கிறீங்க. நகருங்க!"

பிரேம் நகரவில்லை. படுத்திருக்கிற ஆளைத் தாண்டிப் போகிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. முரளி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான்.

ஒருவழியாகக் கோகிலா முகத்தைத் துடைத்தபடி வந்தாள். பிரேம் எழுந்து, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தான். வேடிக்கை முடிந்ததென்று பெண்களும் கலைந்தார்கள்.

"இந்த வெட்கங்கெட்ட ஆளோட இனி நீ..."

"மெதுவாப் பேசுங்கண்ணா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பிரசவத்துக்கப்புறம் இருமினாலே எனக்குச் சீலை நனைஞ்சிடுது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி, அப்படியே நிறுத்திப் பிடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பகல்ல கதவைச் சாத்தினா என்னமோ ஏதோன்னு ஊரே வந்து தட்டும். திறந்து வெச்சா அத்தாயி அக்கா நேரா அடுப்படிக்கே வந்துடும்."

"அதுக்கு?"

"சிரிக்கிறவங்க அவரைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்னு, நான் முடிக்கிற வரைக்கும் அவரு குறுக்க படுத்துக்கறாருங்கண்ணா."