இலவச அறிமுக வகுப்பு

"பங்குச்சந்தையில தினமும் சம்பாதிக்கிற வித்தை! புதுசா வர்றவங்களுக்கு முழுப் பயிற்சியும் ஆயிரத்தைந்நூறு யூரோதான்!"

யோரிஸ் பேசி முடித்ததும், நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர ஹோட்டல் அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஃபெம்கே எழுந்தாள்.

"தினமும் சம்பாதிக்கிறவர் எங்ககிட்ட எதுக்கு சார் கை நீட்டுறீங்க?"

அரங்கம் சிரித்தது. யோரிஸின் முகம் வெளிறியது.

"உட்காருங்க மேடம். கேள்வியெல்லாம் கடைசியில."

"உட்கார மாட்டேன். போன வருஷம் உங்களுக்கு லாபமா, நஷ்டமா? இவங்க முன்னாடி சொல்லுங்க."

யோரிஸ் மைக்கை அணைத்தான். பணம் கட்டக் கைபேசியை எடுத்திருந்த முதியவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஓசிக் காபி குடிச்சாச்சு, கிளம்புவோம்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அரங்கம் காலியானது. யோரிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"விட்டதைப் பிடிக்க எனக்கு வேற வழி ஏது, ஃபெம்கே?"

"நம்ம சேமிப்பைத் தொலைச்சே, பொறுத்துக்கிட்டேன். ஊரார் சேமிப்புல கைவைக்க விடமாட்டேன்."

கணவனின் டையைத் தளர்த்திவிட்டாள் ஃபெம்கே.

"சைக்கிள் வாசல்ல நிக்குது. பின்னாடி ஏறு, நான் மிதிக்கிறேன்."