முதல் வெட்டு

"தலையில ஓட்டை போட்டுட்டு வந்தவன் கையில கவ்வாத்துக் கத்தியைக் குடுக்க முடியாதுலே!"

கங்காணி கருத்தப்பாண்டியின் குரல் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களம் முழுக்கக் கேட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கங்காணிக்கு எதிரே நின்றார் சுடலை. மழித்த தலையில் இன்னும் அரை விரல் முடிகூட முளைக்கவில்லை.

அவர் மனைவி குருவம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் குடுக்க முடியாது? வேலை செய்யலாம்னு டாக்டர் சீட்டு குடுத்திருக்காருல்ல? பாருங்க கையை!"

புருஷனின் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். விட்ட பிறகும் கை ஆடாமல் அசையாமல் நின்றது.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் கங்காணி. "நாலு வருசமா அந்தக் கையில சாமி இருந்துச்சு. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போயி சாமியை அறுத்துப் போட்டுட்டு வந்திருக்கான். இவன் வெட்டுன செடி துளிர்க்குமா?"

கூட்டத்தில் ஆமாம் போட ஆளுக்குப் பஞ்சமில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது அது. சுடலையின் கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீறு நுணுக்குவதுபோல ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். கத்தியைப் பிடித்தால் அடங்கிவிடும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனங்களுக்கு இது போதாதா? சாமி என்று கும்பிட்டார்கள். செடிகளை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்கும் நாளில் சூடம் கொளுத்தி, முதல் தேயிலைச் செடியைச் சுடலைதான் வெட்ட வேண்டும் என்று வழக்கமாக்கினார்கள். எஸ்டேட் டாக்டர் சொன்ன 'பார்க்கின்சன் வியாதி' யார் வாயிலும் நுழையவில்லை.

போன வருஷம் கத்தியைக்கூடப் பிடிக்க முடியாமல் கை இறுகிப்போனது. டாக்டரே கடிதம் கொடுத்தார். மலையிலிருந்து போடிக்கு இறங்கி, மதுரையில் ரயிலேறி, மெட்ராஸ் போய் மண்டையோட்டில் துளை போட்டுச் சரி செய்துகொண்டு வந்தார்கள்.

"சாமியாம், சாமி!" குருவம்மாள் கத்தினாள். "சோறு ஊட்டினது நானு. சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டது நானு. திருநீறு வாங்க வந்தவுகள்ல ஒருத்தராச்சும் ஒரு வாய்க் கஞ்சி ஊட்டினீகளா?"

"சாமி குத்தம் ஆயிரும் மதினி" என்றான் பக்கத்து வீட்டுச் சின்னமுத்து.

"ஆகட்டும் கொழுந்தனாரே. அந்தச் சாமி ஒங்க கைக்கு வரட்டும். வேட்டி கட்ட ஆள் தேடுவீகள்ல, அப்பப் பேசுங்க!"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கங்காணி வலது கையிலிருந்த பிரம்பால் ஓங்கித் தரையில் தட்டினார். இடது கை எப்போதும்போலக் கோட்டுப் பைக்குள். வெயிலோ குளிரோ, அந்தக் கோட்டும் பைக்குள் போன கையும்தான் அவருடைய மிடுக்கு.

"லே சின்னமுத்து! இந்த வருசம் முதல் வெட்டு நீ வெட்டு. சூடத்தையும் நீயே கொளுத்து."

சூடம் கொளுத்துகிற உரிமையை இதுவரை யாருக்கும் விட்டுக் கொடுக்காத மனுஷன் அவர்.

"சுடலைக்குப் பேர் கிடையாது. நாளையோட லீவு முடியுது. அதுக்குள்ள பேர் விழலைன்னா வேலை இல்ல. வேலை இல்லைன்னா லயத்துல வீடும் இல்ல. தெரியும்ல?"

வீட்டுக்கு வந்தும் குருவம்மாளுக்கு ஆறவில்லை. பானையை வைத்த வேகத்தில் அடுப்புச் சாம்பல் பறந்தது.

"விடு புள்ள. பயப்படுதாக" என்றார் சுடலை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் கொஞ்சம் தணிந்துதான் வந்தது.

"பயமா? அந்த ஆளுக்கா? திமிரு!"

எல்லாரும் மலைக்குப் போய் லயம் அடங்கிக் கிடந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், கங்காணி.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்தீகளா? நாளை வரைக்கும் இது எங்க வீடு. வெளியவே நில்லுங்க."

அவர் உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தினார். சுடலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சுடலையின் தலையிலிருந்த தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மயக்கம் குடுத்தா செஞ்சாக?"

"இல்லண்ணே. முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். கையைத் தூக்கு, ஒண்ணு ரெண்டு எண்ணுன்னாக. பதினொண்ணு சொல்லும்போது கை நின்னுபோச்சு."

"பதினொண்ணுலேயா?"

"ஆமாண்ணே."

குருவம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர் முன்னால அசிங்கப்படுத்திட்டு, இங்க வந்து கதையா கேக்கீக?"

கங்காணி கோட்டுப் பையிலிருந்து இடது கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தார்.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத திருநீற்றை நுணுக்கிக்கொண்டிருந்தன.

"ஓட்டை போடுறப்ப வலிக்குமா, சுடலை?"

சுடலை சொல்ல வாயெடுத்தார். குருவம்மாள் குறுக்கே கையை நீட்டினாள்.

"நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் இவுக கையில கத்தியைக் குடுத்துட்டு, இதே கேள்வியைக் கேளுங்க. அங்க வச்சுச் சொல்லுவாக!"